வாறுகாலுக்குள் ஓடும் குடிதண்ணீர்க் குழாய்

பேப்பரைப் பிரித்ததும் அணை நீர்மட்டம் பார்க்கிற பழக்கம் நெல்லைக்காரர்களுக்கு இன்னும் போகவில்லை. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று முழுக் கொள்ளளவு பலருக்கு மனப்பாடம். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் வைக்கிறவருக்கு அந்தக் கணக்கு வேண்டும். ஆனால் டவுனிலோ மேலப்பாளையத்திலோ மகாராஜ நகரிலோ குடத்தில் விழுகிற தண்ணீர் எப்படி இருக்கும், எவ்வளவு வரும் என்பதை அணை முடிவு செய்வதில்லை. வற்றாத தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கிறோம் என்றால், கோளாறு ஆற்றுக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி தெருவின் கடைசி 100 மீட்டரில்.

தண்ணீர், சாக்கடை, குப்பை மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். அலுவலகத்தில் மூன்றுக்கும் தனித்தனி மேசை. தெருவில் மூன்றும் ஒரே வாறுகாலில், அதாவது தெருவோரக் கழிவுநீர்க் கால்வாயில், வந்து சேர்ந்துவிடுகின்றன.

ஆற்றுக்குள் இருக்கும் கிணறு

சுத்தமல்லி, கொண்டாநகரம், குறுக்குத்துறை, மணப்படைவீடு பக்கம் ஆற்றுக்குள் வட்டவட்டமாக நிற்கும் உறைகிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஆற்றுத் தண்ணீரை மேலே மொள்ளுவதில்லை. படுகைக்கு அடியில், மணலுக்குள் புதைத்த துளைக் குழாய்கள் வழியாகத் தண்ணீர் ஊறிக் கிணற்றுக்கு வருகிறது. நடுவில் இருக்கும் மணல்தான் வடிகட்டி. மணல் நன்றாக இருந்தால், ஆறு கொஞ்சம் கலங்கி ஓடும்போதும் கிணற்றில் தெளிந்த தண்ணீர் கிடைக்கும்.

இது இரண்டு விதமாகக் கெடும். மணல் அள்ளிப் படுகை தாழ்ந்தால் துளைக் குழாய்க்கு மேலே உள்ள மணல் மெலிந்துபோகும். வடிகட்டும் தூரம் குறையும், கோடையில் ஆற்று மட்டம் குழாய்க்குக் கீழேயே இறங்கிவிடும். மற்றொன்று வெள்ளம் வடிந்த பிறகு படுகைமேல் படியும் வண்டல். விரல் கனம் படிந்தாலே போதும், ஆறு நிறைய ஓடும், கிணற்றில் ஊற்று இருக்காது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிணற்றைச் சுற்றி மேல்மணலை 10 முதல் 15 செ.மீ. வரை சுரண்டி எடுத்துப் புதுமணல் பரப்பினால் ஊற்று திரும்பிவிடும். ஆகாயத்தாமரை என்கிற அமலைச் செடி அடைந்துகொண்டாலும் இதே தொல்லைதான். அது அழுகி அடியில் படிந்து மணலின் கண்ணை அடைக்கும், தண்ணீரிலும் வாடை வரும். அரியநாயகிபுரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரும் குடிநீர்த் திட்டம் இருக்கிறதே என்று இந்தப் பழைய கிணறுகளைக் கைவிட்டுவிட முடியாது. ஒன்று நின்றால் மற்றது கொடுக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அதைக் காட்டிவிட்டுப் போனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணியில் இருந்த குடிநீர்க் கிணறுகளும் குழாய்களும் அடி வாங்கின. கண்ணுக்கு எட்டும் தூரம் வெள்ளம், குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இப்படி நேரங்களில் முதலில் போவது மின்சாரப் பேனல் போர்டு. நீர்மூழ்கி மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இருக்கச் செய்தது, அதற்கு வெள்ளத்தால் பெரிய ஆபத்தில்லை. போர்டும் டிரான்ஸ்பார்மரும் மூழ்கினால்தான் நாள்கணக்கில் வேலை நிற்கும். இதுவரை கண்ட உச்ச வெள்ளத்துக்கு மேல் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் அவற்றை ஏற்றிவைக்க வேண்டும். வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறும் என்று தெரிய ஆவணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது, சுற்றியிருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆற்றைக் கடக்கும் குழாயைப் படுகைமேல் போடாமல் பாலத்தோடு சேர்த்துக் கொண்டுபோவதும், இரண்டு தலைமை நீரேற்று நிலையங்களை நடுவில் ஒரு வால்வு வைத்து இணைத்துவிடுவதும் அடுத்த வெள்ளத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்.

விட்டுவிட்டு வரும் தண்ணீர்

பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசுக் கையேட்டின் அளவு. 4 பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். இதை நாள் முழுக்கப் பரவலாகக் கொடுக்கலாம், 2 மணி நேரத்தில் அடித்தும் கொடுக்கலாம். அளவு ஒன்றுதானே என்று தோன்றும். குழாய்க்கு அது ஒன்றல்ல. 24 மணி நேரத்துத் தண்ணீரை 2 மணி நேரத்தில் விட்டால் குழாயில் ஓட்டம் 12 மடங்கு. ஓட்டம் இரட்டித்தால் உராய்வில் இழக்கும் அழுத்தம் மூன்றரை மடங்குக்கு மேல் ஏறும். அதனால் டேங்குக்குப் பக்கத்து வீடுகளில் மச்சு வரை தண்ணீர் ஏறும், தெருக்கோடியில் நூல் மாதிரி வடியும். கோடியில் இருப்பவர் மோட்டாரை நேரே குழாயில் மாட்டுவார். அவரைப் பார்த்து எதிர்வீடு. ஒரே மாதத்தில் தெரு முழுக்க மோட்டார்.

மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. குழாயில் அழுத்தம் இருக்கும்போது ஓட்டை வழியாக உள்ளிருப்பது வெளியே பீய்ச்சும். அழுத்தம் இறங்கினால் வெளியே இருப்பது உள்ளே போகும். சப்ளை நின்றதும் மேட்டுத் தெருக் குழாயில் உள்ள தண்ணீர் பள்ளத்துக்கு வடிந்து, பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. மோட்டார் அதை இன்னும் கூட்டும்.

வெளியே என்ன இருக்கிறது என்று தெரிய, டவுனில் பழைய வளவுகளுக்கு முன்னால் ஸ்லாபைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒன்றரை அடி அகல வாறுகால். அதன் குறுக்கே, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அரை அங்குல ஜி.ஐ. இரும்புக் குழாய். நடுவில் ஒரு சாக்கெட் இணைப்பு, அதன் திருகுமரைப் பக்கம் துருப்பிடித்துக் கறுத்திருக்கும். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் முறுக்கியிருப்பார்கள். குழாயில் மாட்டிக்கொண்ட கேரிபேக்குகள் அணை மாதிரி நின்று கழிவுநீரை மட்டம் ஏற்றும். குழாய் அதற்குள் மூழ்கிக் கிடக்கும். காலையில் சப்ளை வந்தால் அந்த மரை இடுக்கு வழியாக நல்ல தண்ணீர் வாறுகாலுக்குள் பீய்ச்சும். சப்ளை நின்றதும் வாறுகால் தண்ணீர் அதே வழியில் குழாய்க்குள் போகும். மறுநாள் முதல் 5 நிமிடம் மஞ்சளாக, வாடையோடு வருவது அதுதான். ‘டேங்க் கழுவவில்லை’ என்று புகார் போகும், டேங்கைக் கழுவுவார்கள், அடுத்த நாளும் மஞ்சளாகவே வரும்.

சரிசெய்ய வேண்டியது இந்த ஒரு இடத்தை. மெயின் குழாயில் சாடில் என்ற பட்டையை மாட்டி, பெரூல் என்ற சிறு இணைப்பைப் போட்ட இடத்திலிருந்து வீட்டுச் சுவருக்கு உள்ளே வரை 20 மி.மீ. எம்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயை ஒரே துண்டாக இழுக்க வேண்டும். வாறுகாலின் அகலத்துக்குள் ஒரு இணைப்புகூட வரக்கூடாது. வாறுகாலின் குறுக்கே போகும் பகுதிக்கு 50 மி.மீ. குழாயை உறையாக மாட்டி, ஸ்லாபுக்கு நேர் கீழே, கழிவுநீர் மட்டத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டும். மேலே இடமில்லை என்றால் வாறுகால் தளத்துக்குக் கீழே குறைந்தது ஒரு அடி இறக்கி, உறையைச் சுற்றிக் கான்கிரீட் போட வேண்டும். மெயின் குழாய்க்கான விதி இன்னும் கண்டிப்பானது: சாக்கடைக் குழாய்க்கும் குடிநீர்க் குழாய்க்கும் பக்கவாட்டில் 3 மீட்டர், குறுக்கே கடக்கும் இடத்தில் குடிநீர் 50 செ.மீ. மேலே. டவுன் முடுக்குகளில் 3 மீட்டருக்கு எங்கே போவது? அங்கே தெருவுக்கு ஒரு ஓரம் குடிநீர், எதிர் ஓரம் சாக்கடை என்றாவது பிரிக்கலாம். ரோடு போட்ட பிறகு இதைச் செய்ய முடியாது. தார் போடுவதற்கு முன்னால் வீட்டு இணைப்புகளை மாற்றிவிட வேண்டும். நம் ஊரில் வரிசை எப்போதும் தலைகீழாகத்தான் நடக்கிறது.

எந்தத் தெருவில் கோளாறு என்று கண்டுபிடிக்கக் குளோரின் சோதனைக் கிட் போதும். டி.பி.டி. மாத்திரையைப் போட்டால் குளோரின் இருக்கும் அளவுக்குத் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்லும் குறைந்தபட்சம். ஒரே சப்ளை நேரத்தில் டேங்க் வாசல், நடுத்தெரு, தெருக்கோடி என மூன்று இடத்தில் பாருங்கள். டேங்கில் 0.5, நடுவில் 0.4, பக்கத்துச் சந்தில் மட்டும் பூஜ்யம் என்றால் அந்தச் சந்தில் கழிவு கலக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். உள்ளே வந்த அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது. உறுதிசெய்ய, மலக்கழிவைக் காட்டும் எச்.2.எஸ். சோதனைப் பாட்டில் இருக்கிறது. தண்ணீர் வந்ததும் பிடித்தது ஒன்று, 10 நிமிடம் விட்டுப் பிடித்தது ஒன்று. வெயில் படாத இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால் மலக்கழிவு கலந்த பாட்டில் கறுக்கும். முதல் பாட்டில் மட்டும் கறுத்தால் உறிஞ்சும் ஓட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டும் கறுத்தால் மேலே மெயினிலோ டேங்கிலோ தேட வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் விஷயத்திலும் ஒரு கணக்கு உண்டு. 1 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு, லிட்டருக்கு 2 மி.கி. வீதம் என்றால் 200 கிராம் குளோரின் தேவை. புதுப் பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். பிரித்த மூட்டை ஈரக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் 20-க்கு இறங்கும். 25 சதவீதப் பவுடர் 800 கிராம், 20 சதவீதம் என்றால் 1 கிலோ. இதை அப்படியே டேங்குக்குள் கொட்டினால் சுண்ணாம்புக் கட்டியாக அடியில் போய் உட்காரும். மேலே குளோரின் இருக்காது, அடித்தண்ணீர் போகும் முதல் வீடுகளில் மூக்கைத் துளைக்கும். வாளியில் பசையாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, 15 நிமிடம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் தண்ணீர் டேங்குக்குள் விழும் இடத்தில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்கலாம்.

டேங்க் மட்டம் காட்டும் கசிவு

10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தில் 5 மி.மீ. துளை ஒன்று மணிக்கு 600 லிட்டர் விடும். ஒரு வீட்டின் ஒருநாள் தண்ணீருக்கும் மேலே. கசிவைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுக் கருவி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மேல்நிலைத் தொட்டியே ஒரு மீட்டர்தான். 5 லட்சம் லிட்டர் தொட்டி, 4 மீட்டர் ஆழம் என்றால் அதன் பரப்பு 125 சதுர மீட்டர்; மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 1,250 லிட்டர் போயிருக்கிறது. ராத்திரியில் நீரேற்றும் மோட்டாரை நிறுத்தி, வெளியேறும் வால்வையும் மூடி ஒரு மணி நேரம் பாருங்கள். மட்டம் இறங்கினால் தொட்டியோ வால்வோ ஒழுகுகிறது. பிறகு மெயினுக்கு மட்டும் திறந்து, தெரு வால்வுகளை எல்லாம் மூடிப் பாருங்கள். அதன்பின் தெருவாக ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். பின்னிரவு 2 மணிக்கு யாரும் தண்ணீர் பிடிப்பதில்லை. எந்தத் தெரு வால்வைத் திறந்ததும் மட்டம் சடாரென்று இறங்குகிறதோ அங்கே தோண்டலாம். வீட்டுத் தொட்டிகளில் மிதவை வால்வு இல்லாவிட்டால் கணக்கு பொய்த்துப்போகும். அதனால் அந்த ராத்திரி மட்டும் வீட்டு வால்வுகளை மூடச் சொல்லித் தெருவில் அறிவித்துவிட வேண்டும்.

பெரும்பாலும் மெயின் குழாயைவிட வீட்டு இணைப்புகளில்தான் அதிகம் ஒழுகும். அவை எண்ணிக்கையிலும் அதிகம், கண்ணிலும் படாது. பழைய ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) குழாய்கள் இருக்கும் தெருவில் ஒட்டுப்போட்டு மாளாது. மேலே லாரி போகிற ஒவ்வொரு தடவையும் பக்கத்து ஜாயின்ட் விடும். அங்கே டி.ஐ. இரும்புக் குழாய் அல்லது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய் போட்டுவிடுவதே மலிவு.

24 மணி நேரத் தண்ணீர் என்று எல்லா ஊரிலும் பேசுகிறார்கள். கசிவை அடைக்காமல் அதைக் கொடுத்தால், 2 மணி நேரம் ஒழுகிய அதே துளை 24 மணி நேரம் ஒழுகும், ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். ஒரு தொட்டி, அதன் கீழே 1,000 முதல் 1,500 வீடுகள், எல்லையில் மூடிய வால்வுகள், தொட்டி வாசலில் ஒரு மீட்டர், வீடுதோறும் ஒரு மீட்டர் என்று முதலில் ஒரு மண்டலத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, பிறகு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். நேரம் கூடினால் மக்கள் மோட்டாரையும் பெரிய சம்ப்பையும் தாங்களே விட்டுவிடுவார்கள். பறிமுதல் செய்து தீர்ந்த மோட்டார்ப் பிரச்சினை எந்த ஊரிலும் கிடையாது.

போன தண்ணீர் எங்கே போகிறது

வீட்டுக்கு வந்த தண்ணீரில் 80 சதவீதம் கழிவாகத் திரும்புகிறது, 540 லிட்டருக்கு 432. ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேராதது நெல்லைக் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் கலக்கிறது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்தும் பழவூர் அணைக்கட்டிலிருந்தும் வயலுக்குப் போக வெட்டிய கால்வாய்கள் இவை, ஊருக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் சாக்கடையாகிவிடுகின்றன. 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் ஆற்றங்கரைக்கே வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு நிலைமை இருந்தது.

பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது பாதி உண்மை. வீட்டு இணைப்பைக் கொடுக்கும் கொத்தனாரும் பிளம்பரும் அதைக் கெடுக்க முடியும். மொட்டைமாடி மழைக்குழாயைச் சாக்கடை இணைப்புத் தொட்டியான சேம்பரில் விடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். 1,000 சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் இறங்கும். அந்த வீடு 10 நாளில் விடும் கழிவுநீர், ஒரே மணி நேரத்தில். தெருவுக்கு 10 வீடு இப்படி விட்டால் ஐப்பசி மழையில் மேன்ஹோல் மூடி மிதக்காமல் என்ன செய்யும்? மழைக்குழாயை அறுத்து, கருங்கல் ஜல்லி, சிறு ஜல்லி, மணல் என்று மூன்றடுக்கு போட்ட தொட்டி வழியாகப் பழைய கிணற்றில் விட வேண்டும். போர்வெல்லுக்குள் நேரே விடுவதை நான் சொல்ல மாட்டேன், பாறைப் பூமியில் வண்டல் போய் அடைத்தால் போர் போச்சு.

வீட்டிலிருந்து சேம்பர் வரையிலான 110 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்கு 2.5 செ.மீ. சரிவு கொடுத்தால் நிற்காமல் ஓடும். தெருக் குழாயில் உச்ச நேரத்தில் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் மணலும் கசடும் அடியில் தங்காது. வேகம் குறைகிற இடத்தில் அடைப்பு, அடைப்பை எடுக்க வண்டி, அடுத்த வாரம் அதே இடத்தில் அடைப்பு. அப்படி ஒரே மேன்ஹோல் திரும்பத் திரும்ப நிறைந்தால் அங்கே குழாய் தொய்ந்திருக்கிறதா என்று கண்ணாடி, டார்ச் வைத்து இரு மேன்ஹோலுக்கு நடுவில் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்து வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியாவிட்டால் தோண்டித்தான் ஆக வேண்டும்.

அடைப்புக்கு இன்னொரு காரணம் எண்ணெய். ஓட்டல், அல்வாக் கடைப் பட்டறை, கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் பாத்திரம் கழுவும் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகிறது. மணிக்கு 2,000 லிட்டர் கழுவும் மண்டபத்துக்கு 1,000 லிட்டர் எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி போதும், தண்ணீர் உள்ளே அரை மணி நேரம் நிற்கும். நடுவில் இரண்டு தடுப்பு. வெளியேறும் குழாய் T வடிவ இணைப்பான ‘டீ’ வைத்து தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேலே மிதக்கும் எண்ணெயை ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் வழித்தெடுக்க வேண்டும். தொட்டியைக் கட்டிவிட்டு வழிக்காமல் விட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

பாதாளச் சாக்கடை எட்டாத பகுதிகளில் செப்டிக் டேங்க். பெயர்தான் டேங்க், பல வீடுகளில் அது அடி பூசாமல் இறக்கிய உறைக்குழி. கழிவு மண்ணுக்குள் போய் அடுத்த வீட்டுப் போரில் வருகிறது. 5 பேர் உள்ள வீட்டுக்கு, செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470 சொல்லும் உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், தண்ணீர் ஆழம் 1 மீட்டரை ஒட்டி, அதற்கு மேல் 30 செ.மீ. காலி இடம். அடியும் பக்கமும் ஒழுகாமல் பூச வேண்டும். உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் ‘டீ’ வேண்டும், இல்லாவிட்டால் மேலே மிதக்கும் ஆடை நேரே வெளியே போய்விடும். பெரிதாகக் கட்டினால் எடுக்கவே வேண்டாம் என்று நினைத்து 10,000 லிட்டருக்குக் கட்டி 15 வருடம் திறக்காமல் விடுகிறார்கள். கசடு நிறைந்த பிறகு உள்ளே போவது அப்படியே வெளியே வரும், அவ்வளவுதான். நீளக் கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடி வரை இறக்கி எடுத்தால் கசடு எந்த மட்டம் என்று தெரியும். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் எடுத்துவிட வேண்டும். சாதாரணமாக 2 அல்லது 3 வருடத்துக்கு ஒருமுறை. யாரையும் உள்ளே இறக்கக்கூடாது. மனிதர் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டத்தில் அது குற்றம், அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

எடுத்த லாரி எங்கே கொட்டியது என்று யாரும் கேட்பதில்லை. சாதாரணச் சாக்கடை நீரைவிடச் செப்டிக் கசடு பல மடங்கு வீரியமானது. ஒரு லாரி ஒரு சின்னக் குளத்து மீனைக் கொல்லப் போதும். லாரிக்காரர் கெட்டவர் என்பதல்ல விஷயம். சுத்திகரிப்பு நிலையம் தூரம், வாசலில் காத்திருக்க வேண்டும், டீசல் செலவு. குளம் பக்கத்தில், ராத்திரி கேட்க ஆளில்லை. ஊருக்கு நாலு திசையிலும் நீரேற்று நிலையங்களை ஒட்டி லாரி இறக்கும் தொட்டி ஒன்று கட்டி, இறக்கியதற்கு ரசீது கொடுத்து, அந்த ரசீதைக் காட்டினால்தான் அடுத்த உரிமம் என்று வைத்தால் பெரும்பகுதி அடங்கும்.

குப்பை

வாறுகாலை அடைப்பது குப்பை. ஆளுக்கு நாளொன்றுக்கு 350 கிராம், வீட்டுக்கு 4 பேர் என்று வைத்தால் 2,000 வீடுள்ள வார்டில் 2.8 டன், அதில் பாதி மக்கும் குப்பை. இந்த 1.4 டன்னை வார்டுக்குள்ளேயே உரமாக்கிவிட்டால் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குக்குப் போகும் வண்டி பாதியாகும். அங்கே கோடையில் குப்பை மேடு தீப்பற்றுவது செய்திகளில் பழகிப்போன ஒன்று. மக்கும் குப்பை உள்ளே காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடுகிறது, சுற்றிலும் காய்ந்த பிளாஸ்டிக். மேலே தண்ணீர் அடித்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. பிளாஸ்டிக் ஏடுகள் அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். பொக்லைன் வைத்துப் பிரித்து, மண் போட்டு மூடி, காற்றை அடைப்பதுதான் வழி. மக்கும் குப்பை அங்கே போகாமல் இருந்தால் தீயும் இல்லை.

உரமாக்குவதில் மந்திரம் எதுவும் கிடையாது. 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரத்தில், காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டிய தொட்டி. மூன்று கூடை காய்கறிக் கழிவுக்கு ஒரு கூடை காய்ந்த சருகு அல்லது தென்னைநார்க் கழிவு. நடுவில் சூடு 55 டிகிரியைத் தாண்ட வேண்டும், அப்போதுதான் புழுவும் கிருமியும் சாகும். வாரம் ஒருமுறை புரட்டினால் 45 முதல் 60 நாளில் சலிக்கலாம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், நாறும், சருகு சேர்க்க வேண்டும். சொட்டே விழாவிட்டால் சூடு ஏறாது, தண்ணீர் தெளிக்க வேண்டும். சோறும் மீன் கழிவும் மேலே கிடந்தால் புழு வைக்கும். நடுவில் புதைத்து மேலே ஒரு சாண் பழைய உரத்தைப் போர்த்திவிட வேண்டும். அக்கம்பக்கத்தார் உர மையத்தை எதிர்ப்பது வாடைக்காகத்தான், வாடை வந்தாலே சருகு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மார்கழி, தையில் பூங்காக்களில் சருகை எரிப்பதை நிறுத்தி மூட்டை கட்டி வைத்தால் மழைக்காலத்துக்கு ஆகும்.

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் வாழை. நயினார்குளம் மார்க்கெட்டிலும் மண்டபங்களிலும் இலையும் தாரின் தண்டும் டன் கணக்கில் சேரும். நார் நீளமாக இருப்பதால் துண்டாக்கும் இயந்திரத்தின் சுழலியில் சுற்றிக்கொண்டு மோட்டாரை எரிக்கும். முதலில் அரிவாளால் ஒரு சாண் துண்டாக வெட்டி, ஒருநாள் வாடவிட்டுப் போட்டால் சுற்றாது. வாழைத்தண்டில் தண்ணீர் அதிகம், அதற்குச் சருகை இரட்டிப்பாக்க வேண்டும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்கள் தங்கள் மக்கும் குப்பையைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. ஒரு முகூர்த்த நாளில் எந்தப் பெரிய மண்டபம் 100 கிலோவுக்குள் நிற்கும்?

காய்ந்த குப்பையில் விற்கிறதை விற்றுவிட்டு மிஞ்சும் பிளாஸ்டிக் சிமெண்ட் சூளைக்கு எரிபொருளாகப் போகலாம். குப்பை எரிபொருள் நிலையத்திலிருந்து 100 கி.மீ.க்குள் உள்ள தொழிற்சாலைகள் தங்கள் எரிபொருளில் 5 சதவீதமாவது இதைச் சேர்க்க வேண்டும் என்றும் அதே 2016 விதிகள் சொல்லின. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. ஈரமும் மண்ணும் சேர்ந்த பிளாஸ்டிக்கைச் சூளைக்காரர் வாங்க மாட்டார். ஆகவே எல்லாம் வீட்டு வாசலில் இரண்டு வாளியாகப் பிரிப்பதில் வந்து நிற்கிறது. பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை மக்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அந்தத் தெருவில் பிறகு யாரும் பிரிக்க மாட்டார்கள். வண்டிக்கு நடுவில் தடுப்பு வைப்பதற்கு முன்னால் பிரச்சாரம் செய்யக்கூடாது.

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவை நடுக்கல்லூர், கொண்டாநகரம் பக்கம் கொட்டியது பெரிய செய்தியானது; பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளமே வந்து அள்ளிக்கொண்டு போனது. அது சரி. கோழிக்கடைக் கழிவையும் பரிகாரத் துணியையும் நாமே ஆற்றில் போடுவதற்கு எந்தச் செக்போஸ்ட் இருக்கிறது?

பிளாட் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது

ஊர் வளர்வது கே.டி.சி. நகர், வி.எம். சத்திரம், ரெட்டியார்பட்டிப் பக்கம். வயலும் தரிசும் பிளாட்டாகும்போது முதலில் ரோடு வருகிறது, பிறகு வீடு, பிறகு போர், கடைசியில் தண்ணீர்க் குழாய். சாக்கடை பற்றி யாரும் பேசுவதில்லை. லேஅவுட் வரைபடத்தில் பார்க்க வேண்டியது பூங்காவின் அளவை அல்ல. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தக் குளத்தில் சேருகிறது, அந்த ஓடையின்மேல் எந்த பிளாட் நிற்கிறது என்பதைத்தான். ரோட்டு மட்டத்தைவிட வீட்டுத் தளம் குறைந்தது 60 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், அடுத்தடுத்து ரோடு போடும்போது மட்டம் ஏறிக்கொண்டே போகும்.

குளியல், துணி துவைக்கும் தண்ணீருக்குத் தனிக்குழாய் வைத்துவிட்டால் செப்டிக் டேங்கின் சுமை பாதிக்கு மேல் குறையும். அந்த 300 லிட்டருக்கு 3 சதுர மீட்டர் பாத்தி போதும்: 60 செ.மீ. ஆழம், அடியில் தார்ப்பாய், 10 முதல் 20 மி.மீ. ஜல்லி நிரப்பி மேலே கல்வாழை. தண்ணீர் ஜல்லிக்கு மேலே தெரியக்கூடாது, ஒரு சாண் கீழேயே ஓட வேண்டும், தெரிந்தால் கொசு. பாத்திக்கு முன்னால் ஒரு சின்ன வடிகட்டித் தொட்டி வைத்து முடியையும் நூலையும் பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் ஜல்லி அடைத்துக்கொள்ளும். வெளியே வரும் தண்ணீரில் தென்னையும் வாழையும் நன்றாக வரும், கீரைக்கு மட்டும் விட வேண்டாம்.

செப்டிக் தொட்டி, உறிஞ்சுகுழி இரண்டுக்கும் எந்தக் கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் 15 மீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும். 3 சென்ட் பிளாட்டில் அது முடியாது. ஆகவே வீடு கட்டத் தொடங்கும் முன்பே பக்கத்து பிளாட்காரர்களைக் கூட்டிப் பேசி, எல்லோரும் போரை முன்பக்கமும் தொட்டியைப் பின்பக்கமும் வைப்பதாக முடிவு செய்துகொள்வது நல்லது. பின்பக்கம் யாருடைய முன்பக்கம் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.